அவள் விழுந்தாள், நான் காலம் தேடினேன்

ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவனுக்குப் பேசவும் தெரியும் என்று நம்புகிறவர்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள். மைசூரில் நான் பணியில் இருந்தவரை விபத்து அறிக்கைகள் என் மேஜை வழியாகத்தான் போகும். அதற்கு ஒரு முறை உண்டு. நடந்து முடிந்ததற்குச் சாதாரண இறந்தகாலம்; அந்த நேரத்தில் பின்னணியில் நடந்துகொண்டிருந்ததற்குத் தொடர் இறந்தகாலம். மாற்றி எழுதினால் காகிதம் திரும்பிப் போகும். (என்னைக் கண்டால் குமாஸ்தாக்கள் வேறு வராந்தாவில் போவார்கள்.)

நான் ஓய்வு பெற்ற பிறகு, மகள் ஓர் அசாமியப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்கு மைசூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் பக்கத்துத் தெருவில் குடித்தனம். தங்கமான பிள்ளை. தமிழும் வராது, கன்னடமும் வராது. எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஆங்கிலம் மட்டும். அதனால் அவன் வந்தால் நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். பள்ளியில் ஆங்கிலத்தில் தேறாத என் மனைவி லலிதாவோ, "ஈட், ஈட்" என்று தோசை போட்டுக்கொண்டே இருப்பாள்.

மகள் வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணிலிருந்து இட்லிப் பானையை எடுக்க ஏறிய லலிதா ஸ்டூலோடு சாய்ந்தாள். கணுக்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது. எங்களுடையது மாடி வீடு. அவளைத் தூக்கி இறக்க என் முதுகு இடம் கொடுக்காது. மருமகனுக்குப் போன் போட்டேன்.

"ஹலோ, அங்கிள்?"

"வைல் யுவர் மதர்-இன்-லா..." என்று தொடங்கி நின்றேன். பானையை எடுத்தாளா, எடுத்துக்கொண்டிருந்தாளா? அவள் பானையைத் தொடவே இல்லையே. அப்படியானால் ஏறிக்கொண்டிருந்தாள் என்றுதானே வர வேண்டும்? "வாஸ் கிளைம்பிங்" என்றேன். ஆனால் ஏறி முடித்துவிட்டாளே. "நோ, கரெக்‌ஷன்" என்றேன். மறுமுனையில் பையன் தவித்தான். (மாமியார் சாமுண்டி மலை ஏறுகிறாள் என்று நினைத்தானாம்.)

தரையிலிருந்து லலிதா என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"என்னங்க, நான் விழுந்து முடிச்சாச்சு. போனைக் குடுங்க, பேகா." (பேகா என்றால் கன்னடத்தில் சீக்கிரம். வலி வந்தால் அவளுக்குக் கன்னடம் வரும்.)

கொடுத்தேன்.

"கண்ணா," என்றாள். "ஃபால். கம்."

எந்த இறந்தகாலத்திலும் சேராத இரண்டு சொற்கள். செருப்புக்கூடப் போடாமல் வந்து நின்றான். அவளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அவளுடைய கைப்பையைச் சுமந்தபடி பின்னால் போனவன் நான்.

ஆஸ்பத்திரிக்கு அவன் ஓட்டிய காரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிச்சுக்கிட்டே இருக்கு," என்றாள். "காலம் சரியா?"

கால் ஆறிவிட்டது. இப்போதும் லலிதா போனில் "பாயசம். கம்" என்றால் போதும், வந்துவிடுகிறான். நான் கூப்பிட்டால் மட்டும் அங்கிளும் கிடையாது, ஹலோவும் கிடையாது.

"அப்பா, யாரு ஃபால்?" என்றுதான் போனை எடுக்கிறான்.