தோத்தது டிஃபன்ஸாலதான், மச்சான்

ஹூஸ்டன், டெக்சாஸ்
தை மாதம், 1997

மச்சான் மாரிசாமி அவர்களுக்கு, அக்கா வீட்டுக்காரன் கிட்டுசாமி ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் அனைவரும் வீட்டுக்குள் ஓடும் ஹீட்டர் தயவில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் நீயும், உன் சம்சாரமும், உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக உள்ளேன்.

மரியாதை இத்தோட போதும். எழுதறது நம்ம தென்றல். எனக்குக் கையெழுத்துக்கு மேல எழுத வராதுங்கறது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதோணும், நடுவுல திருத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் உக்கார வெச்சிருக்கேன். தன்னோட கல்யாணப் பேச்சு நின்னுபோன கதையைத் தன் கையாலயே எழுதறது புள்ளைக்குக் கஷ்டந்தான். என்ன பண்றது, இன்னிக்குச் சனிக்கிழமை, பையன் இனியன் துணி தொவைக்கற கடைக்குப் போயிட்டான். உங்கக்கா சாந்தாமணி போன ஞாயித்துக்கிழமையில இருந்து எங்கூடப் பேசறதில்ல. எனக்குக் காப்பி வேணும்னாக்கூடச் சுவத்தைப் பார்த்துச் சொல்லோணும், சுவரு அவகிட்டச் சொல்லும்.

நான் போன் பண்ணினப்ப நீ என்ன கேட்ட? "ஏனுங் மச்சான், பந்தாட்டத்துக்காக வந்த சம்பந்தத்தைத் தொரத்தி உட்டுட்டீங்களாமே"ன்னு கேட்ட. நான் பதில் சொல்றதுக்குள்ள போன் கார்டு தீந்துபோச்சு. அதனாலதான் இந்தக் கடுதாசி. பொறுமையா முழுசாக் கேளு. கேட்டு முடிச்சுட்டு, தப்பு எம்மேலதான்னு உனக்குத் தோணினா, அப்பவும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனாலும் கேளு.

மொதல்ல, நாள் பார்த்தது யாரு? நீதான். தென்றலுக்கும் அந்தப் பையன் சபரிக்கும் ஜாதகம் கூடி வந்ததும், உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிக்க நல்ல நாள் பாருன்னு உங்கிட்டத்தான் ஒப்படைச்சேன். நீயும் ஜோசியரும் சேந்து தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையைப் புடிச்சு அனுப்பினீங்க. அவரு ராகு காலம் பார்த்தாரு, எமகண்டம் பார்த்தாரு. ஆனா இந்த ஊருல தை மாசத்து ஞாயித்துக்கிழமைன்னா ப்ளே-ஆஃப்னு ஒண்ணு இருக்குது, அதைப் பார்க்கல. வருசம் பூராவும் ஆடினவங்கள்ல நல்ல டீமுகளை மட்டும் பொறுக்கி எடுத்து மோத உடுவாங்க, தோத்தவன் மூட்டையைக் கட்டிக்கிட்டு வூட்டுக்குப் போகோணும். அதுதான் ப்ளே-ஆஃப். அதைப் பஞ்சாங்கத்துல போட்டிருந்தா இன்னிக்கு இந்தக் கடுதாசிக்கே வேலை இல்ல.

இந்த ஆட்டத்தை நான் மொதமொதப் பார்த்தப்ப, இனியனைக் கூப்பிட்டு, "டேய், போலீசுக்குச் சொல்லுடா, ஒருத்தன் மேல ஒருத்தன் உழுந்து கெடக்கறாங்க"ன்னேன். அவன்தான் புரிய வெச்சான். மத்தபடி எனக்கு இங்க என்ன வேலை சொல்லு. நடந்து போலாம்னா ரோட்டுல மனுசன் நடமாட்டமே கெடையாது, நான் நடந்து போனா காரை நிறுத்தி, வண்டி கெட்டுப்போச்சான்னு கேக்கறாங்க. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரம்மா என்னைய ஏத்திக்கிட்டுப் போயி பெட்ரோல் பங்க்ல எறக்கி உட்டுட்டா. நான் வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு பாஷை தெரியோணுமே. அதனால சோபாவுல உக்காந்து ஆட்டம் பார்க்கப் பழகிட்டேன்.

இப்ப வெவரத்துக்கு வர்றேன். நடுவுல ஒருத்தன் நிப்பான், அவன்தான் க்வார்ட்டர்பேக். பந்து அவன் கைக்கு வரும். எதிராளுக அவனைக் கவுக்க ஓடி வருவாங்க. அதுக்குள்ள தூரத்துல ஓடற தன் ஆளு கைக்குப் பந்தைச் சேத்தோணும். டிஃபன்ஸுங்கறது வேற ஆளுக. எதிராளி பந்து வெச்சிருக்கறப்ப அவனைத் தடுக்கறவங்க. அவங்க தடுக்கறப்ப இவன் ஓரமா பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருப்பான். இதை மனசுல நல்லா வெச்சுக்க, வழக்கே இதுலதான் நிக்குது. இனியன் படிச்ச ஊரு டீமு செவப்புச் சட்டை போட்டது. அதுல ஏழாம் நம்பர்தான் க்வார்ட்டர்பேக். அந்தப் பையன் பந்தை எறிஞ்சான்னா, மச்சான், ஓடறவன் திரும்பிப் பார்க்கறதுக்கும் பந்து கையில உக்கார்றதுக்கும் செரியா இருக்கும். ஆனா வருசா வருசம் ப்ளே-ஆஃப் வரைக்கும் வந்து தோத்துப் போறாங்களாம். யாரால தோக்கறாங்கங்கறதுதான் கேள்வி.

சபரியோட அப்பா பாலசுப்ரமணியனுக்கும் அதே செவப்புச் சட்டை டீமுதான். கோபிப் பக்கத்து ஆளு, நல்ல குடும்பம், இங்க வந்து இருவது வருசமாச்சு. அன்னிக்கு மத்தியானமே குடும்பத்தோட வந்துட்டாங்க. உங்கக்கா விடியாலேயே எந்திரிச்சு, பருப்புப் பூரணம் வெச்சு ஒப்பிட்டு சுட்டு அடுக்கியிருந்தா. ஆனா உனக்குத் தெரியுமே, சம்பந்தம் உறுதி ஆகாம மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பொண்ணு வூட்டுல கை நனைக்க மாட்டாங்க. ஜோசியரு குடுத்த நல்ல நேரம் மூணரைக்கு மேல. அது வரைக்கும் எல்லாரும் பட்டினி. ஒப்பிட்டு வாசம் வூடு பூரா சுத்துது, அவங்க தண்ணியை மட்டும் குடிக்கறாங்க, "நல்ல வெயிலுங்க", "ஆமாங்க நல்ல வெயிலு"ன்னு பேசிக்கிட்டிருக்கோம். வெளியில குளிரு.

இனியன்தான், "உள்ரூம்ல டி.வி. சத்தம் இல்லாம ஓடுதுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், ஆம்பளைக ஒருத்தர் பின்னால ஒருத்தரா பாத்ரூம் போறாப்புல எந்திரிச்சுப் போயி உள்ளே உக்காந்துட்டோம். பொம்பளைக உப்புத்தட்டையும் சக்கரைத்தட்டையும் மடியில வெச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்திருக்காங்க. நானும் பாலசுப்ரமணியனும் ஒரே சோபா. ஏழாம் நம்பர் எறியற ஒவ்வொரு பந்துக்கும் அவரு என் தொடையைத் தட்டறாரு, நான் அவரு தோளைத் தட்டறேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு சம்பந்தி அமைஞ்சதில்ல. இனியன் பழக்க தோசத்துல சோபாவுக்கு முன்னால ஒரு கிண்ணம் நெறைய சிப்ஸும், தொட்டுக்கத் தக்காளிச் சட்னியும் வெச்சிருந்தான். அதை இப்பக் குறிச்சுக்க.

ஆட்டம் முடியறதுக்குக் கொஞ்ச நேரம் இருக்குது. ஏழாம் நம்பர் நம்ம டீமை முன்னால கொண்டு வந்து வெச்சுட்டுப் போயி பெஞ்சுல உக்காந்தான். அவன் வேலை முடிஞ்சுது. அப்புறம் டிஃபன்ஸ் எறங்குச்சு. எதிராளி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கோயிலுக்குப் போறவனாட்டம் நடந்தே போயி பாயிண்ட் எடுத்துட்டான். ஒருத்தன் தடுக்கல. முந்திட்டாங்க எதிராளுக. தோத்தாச்சு. நான் தலையில கை வெச்சு உக்காந்திருக்கேன், பக்கத்துல பாலசுப்ரமணியன், "எல்லாம் இந்த ஏழாம் நம்பராலங்க. பெரிய ஆட்டம்னு வந்தா இவனுக்குக் கை நடுங்கும்"னாரு.

"ஏனுங்க, அவன் பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருக்கானுங்க. அங்க கோட்டை உட்டது டிஃபன்ஸுங்க"ன்னேன்.

"முன்னாடியே இன்னும் பத்துப் பாயிண்ட் சேத்திருந்தா டிஃபன்ஸ் எதுக்குங்க? நான் இருவது வருசமாப் பார்க்கறேன். நீங்க ஆடி மாசம் வந்தவங்க."

"இருவது வருசம் பார்த்தும் தெரியலீன்னா அது கண்ணுல கோளாறுங்க."

அந்த ஒரு வார்த்தைதான் மச்சான் நான் சொன்னது. கண்ணுல கோளாறுங்கறது வையற வார்த்தையா? அக்கறையா எடுத்துக்கலாம். அவரு எடுத்துக்கல. "பேச்சு இங்கயே இப்படி இருந்தா, நாளைக்கு எப்படி இருக்கும்"னாரு. "நாளைக்கும் டிஃபன்ஸ்தான் தோக்கும்"னேன். ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு பேசினோம். உங்கக்கா வந்து, "நல்ல நேரம் வந்துருச்சுங்க, தட்டு மாத்தலாங்க"ன்னா. அவரு, "மொதல்ல யாரால தோத்தோம்னு உங்க வூட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்க"ன்னாரு. நான் சொன்னேன். அவரு செருப்பை மாட்டிக்கிட்டு, பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. உப்பு எங்க தட்டுலயே இருக்குது, சக்கரை அவங்க தட்டுலயே போயிருச்சு.

இப்ப ஊரே எம்மேல பழி போடுது. நான் கேக்கறேன், இந்தச் சம்பந்தத்தை இவ்வளவு தூரம் கொண்டு வந்தது யாரு? குலம் கூட்டம் விசாரிச்சது, ஜாதகம் வாங்கினது, ஹில்கிராப்ட் ரோட்டுல நம்மூர்க் கடை கடையா ஏறி எறங்கி வெத்தலை வாங்கினது, எல்லாம் நான். எறிய வேண்டியதையெல்லாம் எறிஞ்சு முடிச்சு சோபாவுல உக்காந்தவன் நான். அதுக்கப்புறம் என் வாயைத் தடுக்கறது யாரோட வேலை? உங்கக்கா வேலை. இனியன் வேலை. அவ ஹால்ல தட்டைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அவன் டி.வி.யைப் பார்த்துக்கிட்டிருந்தான். இங்கயும் கோட்டை உட்டது டிஃபன்ஸ்தான். இதை எழுதுன்னா தென்றல் பேனாவைக் கீழ வெச்சுட்டா. அப்புறம் எடுத்துட்டா.

புள்ளை சரியாச் சாப்பிடறதில்ல மச்சான். கேட்டா ஆபீசுல வேலை ஜாஸ்திங்கறா. அந்தப் பையன் மேல அவளுக்கு ஒரு இது இருக்குது, அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. இதையும் எழுதும்மா. எழுத மாட்டேங்கறா. எழுதுன்னு சொன்னேன், எழுதிட்டா.

அதனால இந்தச் சம்பந்தம் நின்னுபோகலைன்னு நான் சொல்றேன். அதுக்கு நாயம் இருக்குது. அந்தச் சிப்ஸுக் கிண்ணத்தைக் குறிச்சுக்கன்னேனே, ஆட்டம் சூடு புடிச்சப்ப பாலசுப்ரமணியன் கண்ணு டி.வி.யில, கை கிண்ணத்துல. கிண்ணத்தைக் காலி பண்ணிட்டாரு. சட்னியையும் வழிச்சுட்டாரு. பொண்ணு வூட்டுல கை நனைச்சாச்சு. நனைச்சதுக்கப்புறம் சம்பந்தம் வேண்டாம்னு எப்படிப் போவாரு? நீ உடனே நம்ம பெரியவங்க நாலு பேரை உக்கார வெச்சு, சிப்ஸு தின்னா கை நனைச்ச கணக்கா இல்லையான்னு கேட்டு, அவங்க கைநாட்டோட எனக்கு ஏர்மெயில்ல அனுப்பு. உருளைக்கிழங்கு சிப்ஸுன்னு சொல்லிடாதே, அது சோளத்துல செஞ்சது, சோளம்னா சாப்பாட்டுக் கணக்குல வந்துரும்.

ஆனா ஒண்ணு. நானா போயி அவருகிட்ட நிக்க மாட்டேன். ஏழாம் நம்பரை நான் உட்டுக் குடுக்க மாட்டேன். அவரு என் வாசப்படி ஏறி, டிஃபன்ஸாலதான் தோத்தோம்னு தன் வாயால சொல்லட்டும், அப்பப் பேசறேன்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் அந்த அண்ணமார் சாமி நீண்ட ஆயுசும், காலத்துல மழையும், உன் முழங்காலுக்கு ஒரு நல்ல டாக்டரும் குடுத்து, நீங்க எல்லாரும் எந்தக் கொறையும் இல்லாம, இரு, உங்கக்கா கூப்படறா, ஏனுங்க இங்க வாங்க, வாசல்ல வந்து நிக்கறது யாருன்னு பாருங்கங்கறா, அவ எங்கூடப் பேசிட்டாளே, தென்றலு அதை எழுதாதே, நான் போயி

பி.கு.: மாமா, இது தென்றல். அப்பா எழுந்து போய்விட்டார். வந்திருப்பது சபரியின் அப்பா, கையில் அன்றைக்குத் திருப்பி எடுத்துப்போன சர்க்கரைத் தட்டு. வாசலில் நின்றபடியே, "நல்லா யோசிச்சுப் பார்த்தேனுங்க. நீங்க சொன்னது செரிதான். டிஃபன்ஸ்தானுங்க" என்றார். அப்பா உடனே, "அதெல்லாம் இல்லீங்க, நீங்க சொன்னதுதான் நாயம். அந்தப் பையனுக்குக் கை நடுங்குதுங்க" என்றுவிட்டார். "எனக்காகச் சொல்லாதீங்க" என்றார் அவர். "உங்களுக்காக நான் எதுக்குங்க சொல்றேன்" என்றார் அப்பா. இப்போது ஆளுக்கொரு கட்சி மாறிப் பழைய சத்தத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா மட்டும் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நேரம்கூடப் பார்க்காமல் தட்டுகளை இரண்டு பேர் கையிலும் திணித்து மாற்ற வைத்துவிட்டார். அதனால் பெரியவர்களிடம் சிப்ஸ் விஷயம் கேட்க வேண்டாம். கல்யாணம் வைகாசியில். விசாவுக்கு அப்ளை பண்ணுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு மட்டும். அன்றைக்கு இவர்கள் இருவரும் எழுந்து நின்று கத்தியபோது ஆட்டம் முடியவே இல்லை. சோபாவுக்குப் பின்னால் நானும் சபரியும் நின்று மிச்சத்தைப் பார்த்தோம். ஏழாம் நம்பர் திரும்பவும் இறங்கி, கடைசி நிமிஷத்தில் பந்தை மைதானத்தின் மறுபக்கம் வரைக்கும் கொண்டு வந்துவிட்டான். டிஃபன்ஸ் விட்டதெல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு சின்ன உதை உதைத்தால் ஜெயிக்கலாம். அதை உதைப்பதற்கென்றே ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். அவன் கம்பத்துக்கு வெளியே உதைத்துவிட்டான். அப்பாக்கள் ரெண்டு பேரும் அந்த நேரத்தில் டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

இப்போதே சொல்லிவிடலாமா என்று, தன் அப்பாவைக் காரில் கூட்டி வந்திருக்கும் சபரியிடம் கேட்டேன். தாலி கட்டி முடிக்கட்டும் என்கிறார்.