மிளகுத் தோட்டத்துப் பூபதி

இனிமேல் இந்த வீட்டில் மைதிலிக்குப் புத்தகம் சிபாரிசு செய்கிற ஆள் தான் ஒருவன்தான் என்று ஈஸ்வரமூர்த்தி ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய சபதங்களுக்கு அதுதான் வழக்கம்.

மலைமேல் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. சொந்த ஊர் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சி. கல்யாணமான நாளிலிருந்து மைதிலி எதைக் கேட்டாலும் அவரைத்தான் கேட்பாள். தெரிந்தால் பதில் சொல்வார். தெரியாவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். அலுவலகத்தில் அவரை யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால் வீட்டில் கிடைத்த அந்தச் சுகம் அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

அதில்தான் மண் விழுந்தது. மைதிலி மாயாஜாலக் கதை எழுதக் கிளம்பினாள். மலைக்குள் ஒரு மாய நாடு, அதற்கு ஒரு ராணி. எழுதட்டும், அவருக்கு வருத்தமில்லை. ஆனால் என்னென்ன படிக்க வேண்டும் என்று யோசனை சொல்ல எங்கிருந்தோ ஒரு பூபதி முளைத்துவிட்டான். எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமாம். அதே மலையில் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பக்கம் மிளகுத் தோட்டமாம்.

"ஏனுங்க, மந்திரக் கதை எழுதோணும்னா மந்திரக் கதையவே படிச்சுட்டு இருக்கக் கூடாதுன்னு பூபதி சொன்னாருங்க."

"வேற என்னத்தப் படிக்கிறதாமா?"

"பழைய பயணக் குறிப்பு, மூலிகைப் புஸ்தகம், நாட்டுப்புறக் கதை, சமையல் புஸ்தகம்."

"சமையல் புஸ்தகமா?"

"மாய நாட்டுலயும் பசிக்குமல்லங்க? உப்பு எங்கிருந்து வருது, சோத்துக்கு என்ன வெளையுதுன்னு தெரியாம ராணிய சிம்மாசனத்துல உக்கார வெக்கக் கூடாதாம். மந்திரம் போட்டா அதுக்கு ஒரு வெலையும் இருக்கோணுமாம்."

"எவ்வளவு?"

"ஆயுசுல ஒரு வருசம்."

சொன்னது சரியாக இருந்தது. அதைத்தான் ஈஸ்வரமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை.

"அந்தாளு எப்படி இருப்பான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இடது கைக்காரருங்க. மிளகு பறிக்கறப்ப, கொடி ஏத்தியிருந்த சில்வர் ஓக் மரத்துல இருந்து உழுந்து, லேசா நொண்டுவாரு. தெனமும் சாமைச் சோறுதான். அதான் அம்பது வயசுலயும் வயிறே இல்லை."

"வயித்தப் பத்திக்கூடவா சொன்னான்?"

"பேச்சுவாக்குல சொன்னாருங்க."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பொறாமைதான். அதற்கு வேறு மரியாதையான பெயர் கிடையாது. சாமைச் சோற்றைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதர், அன்று ராத்திரியே தனக்கும் சாமைச் சோறு வேண்டும் என்றார். டாக்டர் சொல்லியும் நடக்காதது பூபதியால் நடந்தது.

சனிக்கிழமை பஸ் பிடித்து மலை இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் காலைச் சிற்றுண்டியை மலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, நாமக்கல் நூலகத்தில் போய் விழுந்தார். பேய், பாம்பு, கைரேகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு மறுபடி மலை ஏறினார்.

மைதிலி பையைக் கவிழ்த்தாள்.

"'மரவள்ளியில் மாவுப்பூச்சி'. இந்தப் புஸ்தகம் எதுக்குங்க?"

அது அவசரத்தில் கை தவறி வந்தது. விட்டுக்கொடுப்பாரா?

"ஏன், மாய நாட்டுல மரவள்ளி இருக்காதா? இருந்தா பூச்சி புடிக்காதா?"

"அட! இதையேதானுங்க பூபதியும் சொன்னாரு!"

போயும் போயும் தப்பாக எடுத்த புத்தகத்தில்கூட அவன் முந்திக்கொண்டான்.

"எனக்கு வேலை கெடக்குது. நீங்களே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிருங்க" என்றாள் மைதிலி. சொன்னார். ஒவ்வொரு புத்தகமாகப் படித்து, அவள் சமைக்கும்போது அடுப்பங்கரை வாசலில் நின்று கதை கதையாகச் சொன்னார். கேட்டுவிட்டு அவள் சொல்வது ஒன்றுதான்: "பூபதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு குண்டனி நாட்டுக்கே கிளம்பிவிட்டார். நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது. ரோட்டோரம் லாரியில் மரவள்ளி ஏற்றிக்கொண்டிருந்த காளியண்ணன் என்ற உள்ளூர்க்காரரிடம் பூபதியை விசாரித்தார்.

"பூபதிங்களா? ஒருத்தரு போன வருசம் தவறிட்டாருங்க சார். ஒருத்தன் அங்கன்வாடி போறான்."

"லேசா நொண்டுவாரு."

"நொண்டுற பூபதியா? அது எங்க மச்சானோட எருதுங்க!"

"இடது கைப் பழக்கம்..." என்று இழுத்தார் ஈஸ்வரமூர்த்தி.

"எருதுக்குங்களா?"

லாரியைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு அவமானமாகவே இல்லை. மனசு பஞ்சாகி வண்டிக்கு முன்னால் பறந்தது. மைதிலி அழுவாள் என்று ஆறுதல் வார்த்தைகளை வழியிலேயே தயார் செய்துகொண்டார்.

"மைதிலி! அப்படி ஒருத்தனே இல்லை! உன்னைய நல்லா ஏமாத்தியிருக்கான்!"

அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்து ஓடிவந்தாள்.

"நெசமாவே தேடிட்டுப் போனீங்களா?"

"போனேன்."

"பெட்ரோல் போட்டுட்டா?"

"ஆமாங்கறேன்."

மைதிலி கை தட்டினாள். "அப்ப பூபதி தேறிட்டாரு! இல்லாத ஆள இருக்கறதா நம்ப வெக்கோணும், அதானுங்க இந்த எழுத்துக்கு மொதப் பாடம். நான் உண்டாக்குன மொத ஆளு அவரு. நீங்க நம்புனா ஊரே நம்பும்னு உங்ககிட்டச் சோதிச்சுப் பாத்தேன். செரி, எந்த எடத்துல நம்புனீங்க? இடது கையா, நொண்டலா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இடது கையும் இல்லை, மிளகுத் தோட்டமும் இல்லை, அவளுக்கு யோசனை சொல்ல இந்த உலகத்தில் தன்னைத் தவிர ஒருவனும் இல்லை. ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் தாராளமாகச் சாய்ந்தார்.

"வயிறு" என்றார். "வயிறே இல்லைன்னு சொன்ன பாரு, அங்கதான் உழுந்துட்டேன்."

"வயிறுங்களா? செரி, நெனவு வெச்சுக்கறேன்."

"இருந்தாலும் கெட்டிக்காரி கண்ணு நீ. உப்பு எங்கிருந்து வருது, மந்திரத்துக்கு என்ன வெலை... அத்தனையும் உன் யோசனைதானா!"

"அய்யோ, எனக்கு அவ்வளவு எங்கீங்க தெரியும்?" மைதிலி அரிவாள்மணைக்குத் திரும்பினாள். "அதெல்லாம் ஆலத்தூர் நாட்டு யுவராஜ் சொன்னதுங்க."

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்கக் கூடாது, கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் கேட்டுவிட்டார்.

"அந்தாளுக்கு... வயிறு இருக்குதா?"

"துளிகூட இல்லீங்க."