சருகுமான் சிலம்பாயியும் ஓடைப் பாலமும்

ஒரு காட்டில் சிலம்பாயி என்றொரு சருகுமான் இருந்தாள். உடம்பில் முயலைவிடக் கொஞ்சம் பெரியவள். பயத்தில் ரொம்பப் பெரியவள். அவள் குடியிருந்த புதருக்கும் அவளுக்குச் சோறு போடும் அத்திமரத்துக்கும் நடுவே ஓர் ஓடை. சித்திரையில் அதில் ஒரு தவளைகூட நனைய முடியாது. ஐப்பசியில் யானையே யோசித்துத்தான் இறங்கும். போன ஐப்பசியில் அவள் புருஷன் யோசிக்காமல் இறங்கிவிட்டான். கீழே மூங்கில் புதரில்தான் உடம்பு கிடைத்தது.

இப்போது அவள் வயிற்றில் குட்டி. அடுத்த மழைக்குள் ஓடையின் குறுக்கே ஒரு மரத்தையாவது போட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். பேசாமல் போட்டிருக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்தவள். நேராக நீரோடைத் துறை ஆபீசுக்குப் போனாள்.

ஆபீஸ், ஓடையில் எப்போதும் தண்ணீர் நிற்கும் மடுவில் இருந்தது. அதிகாரி ஒரு நாரை. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நாளெல்லாம் ஓடையைக் கண்காணிப்பார். எழுத்தர் ஓர் உடும்பு. அவர் கைக்குப் போன மனுவை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

"ஐயா, ஒரு பாலம் போட்டுக்கணுங்க. எங்க வீட்டுக்காரரு இந்த ஓடையிலதான் போயிட்டாரு."

"அவர் அனுமதி வாங்கிட்டா இறங்கினாரு?" என்றார் நாரை, கண் திறக்காமல்.

"இல்லீங்க."

"பார்த்தியா. அதான்."

உடும்பு கொஞ்சம் இரக்கக்காரர். "ஓடையில வசிக்கிறவங்க ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும்மா. மீனெல்லாம் நேர்ல வந்து ஐயா முன்னால சொல்லணும்."

சிலம்பாயி கரையோரமாக நடந்து கெண்டை மீன்களிடம் கெஞ்சினாள். புருஷனைப் பறிகொடுத்தவளாயிற்றே என்று அவை ஒவ்வொன்றாக மடுவுக்குப் போயின. உள்ளே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

"இன்னும் ஒருத்தரும் வந்து சொல்லலையே" என்றார் நாரை, அலகைத் துடைத்துக்கொண்டு.

சித்திரையில் உடும்பு இடத்தைப் பார்வையிட வந்தார். காய்ந்த மணலை வாலால் தட்டிப் பார்த்தார்.

"தண்ணியே இல்லையேம்மா. இதை ஓடைன்னு நான் எப்படி எழுதுறது? ஓடை இல்லாத இடத்துல பாலம் எதுக்கு?"

"மழை பேஞ்சா ஓடுமுங்க."

"அப்ப மழை பேஞ்சதும் வா."

ஆவணியில் தண்ணீர் வந்தது. சிலம்பாயியும் வந்தாள்.

"ஓடுற தண்ணியில வேலை செய்யக் கூடாது. வடிஞ்சதும் வா" என்றார் நாரை.

அன்று அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள். வயிறு கனத்தது. எதிர்க்கரையில் அத்திப்பழங்கள் யாருக்கும் ஆகாமல் உதிர்ந்து கிடந்தன. பக்கத்தில் காட்டுப்பன்றி கரியப்பன் பட்டுப்போன ஒரு மருத மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏந்தாயி அழுவுறே?"

சொன்னாள். கரியப்பன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு இன்னும் ஓங்கித் தேய்த்தான். மரம் மடமடவென்று சாய்ந்து, இக்கரைக்கும் அக்கரைக்குமாக விழுந்தது.

"ஐயோ! அனுமதி?"

"முதுகு அரிச்சுது, சொறிஞ்சேன். சொறியறதுக்கு எவன்கிட்ட அனுமதி?" என்று கரியப்பன் தன் வழியில் போய்விட்டான்.

சிலம்பாயி நடுங்கி நடுங்கி மரத்தின்மேல் நடந்தாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறாரத் தின்றாள். திரும்பி வருகையில் மரத்தின் நடுவே உடும்பு உட்கார்ந்திருந்தார். "ஐயா கூப்பிடறாரு."

நாரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். "யாரைக் கேட்டு மரத்தைப் போட்டே? பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்!"

ஒரு குற்றம் ஆகிவிட்டது, இன்னொன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில் சிலம்பாயி கேட்டாள்: "எடுத்துடறேனுங்க. ஆனா எடுக்கிறதும் ஓடைக்குள்ள செய்யற வேலைதானுங்களே? அதுக்கு அனுமதி வேண்டாமுங்களா?"

நாரை முதல்முறையாக இன்னொரு காலையும் கீழே ஊன்றினார். உடும்பைப் பார்த்தார்.

"விதியில 'எந்த வேலையும்'னுதான் இருக்குங்க" என்றார் உடும்பு மெதுவாக.

"அப்ப மனுப் போடச் சொல்லு. முடிவு தெரியற வரைக்கும் அந்த மரத்துல எவனும் கை வைக்கக் கூடாது!"

சிலம்பாயி மனுப் போட்டாள். மீன்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். இந்த முறை அவள் மீன்கள் பக்கமே போகவில்லை. ஆவணி முடிவதற்குள் குட்டி பிறந்தது. ஐப்பசியில் கீழே வெள்ளம் உறுமிக்கொண்டு ஓட, மேலே தாயும் குட்டியும் அத்திமரத்துக்குப் போய்வந்தார்கள். நடுநடுவே ஆபீசுக்கும் போவாள்.

"என் மனு என்னங்க ஆச்சு?"

"பரிசீலனையில இருக்கு. அவசரப்படாதே."

"எனக்கு ஒரு அவசரமும் இல்லீங்க."

இதைக் கேள்விப்பட்டு மேலோடை முயல்கள் அவளிடம் யோசனை கேட்க வந்தன. "எங்க பக்கம் பாலம் இல்லக்கா. அனுமதி கேட்டுப் பார்க்கலாமா?"

"கேளுங்க. ஆனா இடிக்கிறதுக்குக் கேளுங்க."

"இல்லாத பாலத்தை எப்படிக்கா இடிக்கிறது?"

"அது ஆபீசுக்குத் தெரியாதே."

முயல்கள் மனுப் போட்டன. உடும்பு போய்ப் பார்த்தார். பாலத்தைக் காணோம். மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். நாரையின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"மனு நிலுவையில இருக்கும்போதே இடிச்சுட்டாங்களா? என்ன நெஞ்சழுத்தம்! அடுத்த மழைக்கு முன்னாடி அந்தப் பாலத்தை இருந்தது இருந்தபடியே கட்டி வைக்கணும். இல்லேன்னா காட்டை விட்டே துரத்திடுவேன்!"

முயல்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல், மரம் தேடப் போயின.

நீதி: பாலம் வேண்டுவோர், அதை இடிக்க முறைப்படி விண்ணப்பிக்கவும்.