பன்னிரண்டு குரலும் ஒரு நட்சத்திரக் குறியும்

ரும்பி,
வெள்ளிக்கிழமை முற்பகல்.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பெரியக்கா ந்யாகோண்ட்வே அவர்களுக்கு,

உங்கள் தம்பி வெட்சன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே மக்காச்சோளம் நலம். ஆடுகள் இரண்டும் நலம். என் மனைவி ந்யாசவுலா நலமாக, என்னோடு பேசாமல் இருக்கிறாள். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஒத்துழைக்கவில்லை. அங்கே பிளான்டயரில் நீங்களும் உங்கள் முழங்காலும் கல்யாணப் பெண் லுசுங்குவும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்த வாரத்தில் மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் "சொல்லு வெட்சா" என்றதும் அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேனே, அதெல்லாம் மழையைப் பற்றி அல்ல. விஷயம் இதுதான் அக்கா. அடுத்த மாதம் லுசுங்கு மணப்பெண்ணாகக் கோயிலுக்குள் நடந்து வரும்போது, அவள் அப்பா உயிரோடு இருந்தால் பாடியிருக்கவேண்டிய பேஸ் என்னும் அடிக்குரல் பகுதியைத் தாய்மாமன் நான் தனியாக நின்று பாடவேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். நானும் ஆகட்டும் என்று தலையாட்டினேன். என்னால் முடியாது. முடியாது என்பதுகூடச் சரியில்லை. நான் பாடியதே கிடையாது.

அத்தான் காலமான பிறகு கோயில் பாடகர் குழுவில் அவர் போட்டிருந்த கறுப்பு அங்கியை என் தோளில் போட்டு, "இனிமே பேஸ் வரிசையில அவர் இடத்துல நீ நில்லு" என்று நீங்கள் சொல்லி இருபத்திரண்டு வருஷமாகிறது. நின்றேன். நின்றது மட்டும்தான் நான் செய்தது. பக்கத்தில் மேத்யூஸ் ஸ்கம்போ அண்ணன் நின்றார். ரும்பி முழுக்க அவர் குரலுக்குப் பேர் போனவர் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குரல் காதில் விழும், அதன் நிழலில் நான் வாயை அசைப்பேன். கொஞ்சம் சத்தமும் வரும், ஆனால் அது என் சத்தம் என்று நான் ஒருநாளும் உரிமை கொண்டாடியதில்லை. இரண்டாம் சரணத்துக்குமேல் எந்தப் பாட்டுக்கும் எனக்கு வார்த்தை தெரியாது. கூரையில் எத்தனை உத்தரம் என்று எண்ணுவேன். பதினேழு. பசி வந்தால், இன்னும் எத்தனை சரணம் பாக்கி என்று மூச்சுக்குள் முனகுவேன். இப்படியே காலம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போகவிடாமல் செய்தது எங்கள் பாடகர் குழுவின் ஐம்பதாம் ஆண்டு விழா. நடத்துநர் கும்வெண்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேரும் அன்றைக்குப் பாடாமல் மரியாதையாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பன்னிரண்டு ஒலிபெருக்கி எங்களுக்குப் பதில் பாடவேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு ஒலிபெருக்கி. சபையார் எழுந்து நடந்து, ஒவ்வொருவர் குரலையும் பக்கத்தில் நின்று தனியாகக் கேட்கலாம். இதைக் கேட்டதும் நான் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் கம்பியோடு வாழ்ந்தவன் என்பதால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அடுத்தவன் கையில் கொடுத்தால் என் குரல் எங்கே தொங்குமோ என்ற பயத்தில், வேலையை நானே வாங்கிக்கொண்டேன்.

ஒலிபெருக்கிகளுக்கு எண் போட்டேன். ஒன்றும் இரண்டும் பிரசங்க மேடைக்கு இரு பக்கமும். மூன்றும் நான்கும் பெண்கள் வரிசைக்கு மேலே. இப்படியே பின்னால் போய், பத்தும் பதினொன்றும் வெளியே மாமரத்தில். பன்னிரண்டு, மண்வெட்டியும் உடைந்த நாற்காலியும் கிடக்கும் சாமான் அறைக்குள். ஒலிபெருக்கிக்கு உள்ள எண்தான் ஆளுக்கும். எனக்குப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டேன். "பாருங்க, வேலையெல்லாம் செய்யிறது இவரு, கடைசி இடத்தை எடுத்துக்கிறாரு" என்று பாதிரியார் ஜெபத்திலேயே என் தாழ்மையைக் குறிப்பிட்டார். நான் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்கம்போ அண்ணன் மட்டும் தனியாக என்னிடம் வந்து, "எனக்கு மாமரத்துல கட்டிருப்பா. என் குரலுக்குக் கட்டடம் தாங்காது" என்றார். அவருக்குப் பத்து.

பன்னிரண்டு போனிலும் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒன்றைத் துணிக் கிளிப்பால் கவ்வவைத்து, பிறகு சேர்க்கும்போது பொருந்துவதற்கு அடையாளமாகக் கும்வெண்டா ஒருமுறை ஓங்கிக் கைதட்ட, பாடினோம். அவர்கள் பாடினார்கள். பன்னிரண்டு போன், பன்னிரண்டு கோப்பு, கோப்புக்குப் பெயரும் ஆளின் எண்தான். இதை ஒரே கோப்பாக்கவேண்டும், ஆனால் கூழாக்கிவிடக்கூடாது. பன்னிரண்டு குரலும் பன்னிரண்டு தடத்தில் ஒன்றையொன்று தொடாமல் சேர்ந்து ஓடவேண்டும், முதல் தடம் முதல் ஒலிபெருக்கிக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு என்று. இதற்குப் படம் போட்ட பொத்தான் ஏதும் என் கணினியில் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுதவேண்டும். முதல் தடவை எழுதினேன், அது எல்லாரையும் வால் பிடித்து வரிசையாக நிற்கவைத்துவிட்டது. நாலு நிமிஷப் பாட்டு நாற்பத்தெட்டு நிமிஷம் ஆனது, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் ஆரம்பித்தார். இரண்டாம் தடவை எல்லாரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டது. விசாரித்தால், கட்டளையில் ஒரு ஆங்கில எழுத்தைச் சின்னதாகப் போட்டால் கலக்குமாம், அதே எழுத்தைப் பெரிதாகப் போட்டால்தான் அடுக்குமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன. இதற்கு நடுவில் மின்சாரம் இரண்டு நாள் போய் வந்தது. மூன்றாம் தடவை பன்னிரண்டு கோப்பின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டப் பொறுமையில்லாமல், ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். நட்சத்திரம் போட்டால் 'இங்கே இருக்கிற எல்லாரையும் கூப்பிடு' என்று அர்த்தம். எந்த வரிசையில் கூப்பிடுவாய் என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு தடம் தயார் என்று திரையில் வந்தது. போட்டுக் கேட்கவும் இல்லை. என் குரலை நானே கேட்கும் தைரியம் எனக்கு ஏது.

ஞாயிறு ஆராதனை முடிந்து கும்வெண்டா கையசைத்தார், நான் பொத்தானை அழுத்தினேன். அந்த ஒற்றைக் கைதட்டல் பன்னிரண்டு ஒலிபெருக்கியிலும் வெடித்தது. விழா ஆரம்பமாகிவிட்டது என்று சபையார் எல்லாரும் திருப்பிக் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் முதலில் கேட்டது சாமான் அறையிலிருந்து தலைமையாசிரியை ந்யாலுஹங்காவின் குரல். யாரோ அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று கோயில் காவலர் சாவியோடு ஓடினார். அம்மையாரோ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மிஸ்டர் கோண்ட்வே, நான் ஏன் மண்வெட்டிக்கு நடுவுல பாடிக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. அவர் ஒன்பது. பன்னிரண்டில் அவர் இருக்கிறார் என்றால், பன்னிரண்டு எங்கே?

எங்கே என்று உடனே தெரிந்தது. பிரசங்க மேடையின் இடப்பக்கம், இரண்டாம் ஒலிபெருக்கி. அதிலிருந்து முதலில் மூச்சு வந்தது. பிறகு ஒரு கொட்டாவி. பிறகு வார்த்தையே இல்லாமல், வாயில் கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு முனகல். அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் பக்கத்து ஆளின் பேஸ் லேசாகக் கேட்டது, அதனால் முனகலின் லட்சணம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மூன்றாம் சரணத்தில் வயிறு உறுமியது. நாலாவதில், கோயில் முழுக்கக் கேட்கும்படி ஒரு கிசுகிசுப்பு: "இன்னும் எத்தனை சரணம்டா சாமி." பாதிரியார் தலையைச் சாய்த்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் பெண்கள் பக்கம் நாலாவது ஒலிபெருக்கியில் ஸ்கம்போ அண்ணனின் பேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குக் கேட்டது அக்கா. அவ்வளவு அடியில், அவ்வளவு நிதானமாக. அங்கே இருந்த பெண்கள் நடக்காமல் அதன் கீழேயே நின்றுவிட்டார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இந்த மனிதர் பக்கத்தில் நின்றா இத்தனை வருஷம் ஏமாற்றினேன் என்று எனக்கு உடம்பு கூசியது.

பாட்டு முடிந்தது. கும்வெண்டா இரண்டாம் ஒலிபெருக்கியைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க."

"என்னங்க சொல்றீங்க? எத்தனை நாளா இப்படி?"

"இருபத்திரண்டு வருஷமா. நடுவுல மலேரியாவுல படுத்த ரெண்டு மாசம் போக."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கம்போ அண்ணன்தான் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "விடு தம்பி. மனுஷன்னா முன்னபின்ன இருக்கும். விடு, விடு" என்றார். அவர் கை வேர்த்து நனைந்திருந்தது. எனக்காக ஒரு மனிதர் இப்படி வேர்க்கிறாரே என்று அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை சந்தையில் உசிபா மீன் வாங்கப் போனால், மீன்காரி அளந்து போட்டபடியே, "இன்னும் எத்தனை சரணம் போடட்டும் ஐயா?" என்கிறாள். வீட்டில் ந்யாசவுலா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "பாடுற தொண்டைன்னுதானே ஞாயித்துக்கெழம காலையில இருக்கிற தேனெல்லாம் உங்க டீயில ஊத்துனேன். முனகுறதுக்கு எதுக்குய்யா தேனு?" அதற்குப் பிறகு திறக்கவில்லை. நியாயமான கேள்வி.

ஆகவே அக்கா, தாய்மாமன் பாடாமல் போவதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். அத்தான் இடத்தில் இன்னொரு பொய்யனை நிற்கவைத்து லுசுங்குவின் கல்யாணத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஸ்கம்போ அண்ணன் ஏதோ அவசர வேலை என்று இன்று பிளான்டயருக்குப் பஸ் ஏறுகிறார், இரண்டு மாதம் அங்கேயே இருப்பாராம். எனக்குப் பதிலாக நீங்கள் பாடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "வேண்டாம்பா, என்னை விட்டுடு" என்று மூன்று தடவை சொன்னார். நான் விடவில்லை. பெரிய மனிதர்களுக்கே உள்ள அடக்கம். இந்தக் கடிதத்தையும், அத்தானின் அங்கி வைத்த பொட்டலத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அங்கியை அவருக்கே போட்டுவிடுங்கள். தகுதியான உடம்பில் ஏறட்டும்.

லுசுங்குவுக்கும் அவள் கைப்பிடிக்கப்போகிற பிள்ளைக்கும் இந்த வாய் செத்த மாமனின் ஆசிகள். வீடு நிறையப் பிள்ளையும் களஞ்சியம் நிறையச் சோளமும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

முகத்தைக் காட்ட வெட்கப்படும் தம்பி,
வெட்சன் கோண்ட்வே

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியது எதையும் நம்பவேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, ஸ்கம்போ அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து தோப்வாச் சோளக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார், பஸ் வரும் நேரம். வழியனுப்பும் மரியாதைக்காவது அவர் குரலைத் தனியாக ஒருதரம் கேட்போமே என்று பத்தாம் கோப்பை ஓடவிட்டு இயர்போனைக் காதில் மாட்டினேன். மூச்சு வந்தது. கொட்டாவி வந்தது. "இன்னும் எத்தனை சரணம்டா சாமி" வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த முட்டாள் கணினி நம்மைப் போல எண்ணுவதில்லை. 1 என்ற இலக்கத்தில் ஆரம்பிக்கிற பெயரையெல்லாம் முதலில் கூப்பிட்டுவிடுகிறது. ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதற்கு அப்புறம்தான் இரண்டு. அப்படியானால் இரண்டாம் ஒலிபெருக்கியில் முனகியது பத்து. பெண்கள் பக்கம் நாலாவதில் பாடியது பன்னிரண்டு. பன்னிரண்டாம் கோப்பையும் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். கிளிப் குத்தியதும் "ஆ" என்று, சேர்க்கும்போது வெட்டிய கைதட்டலுக்கு முந்தைய பகுதியில் கத்துவது நான்தான், சந்தேகமே இல்லை. மூன்றாம் சரணத்திலிருந்து வார்த்தை கிடையாது. ஆனால் குரல் இருக்கிறது அக்கா. உத்தரம் எண்ணிக்கொண்டே பாடியிருக்கிறேன்.

கூடத்தில் எட்டிப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவரும் என் நிழலில்தான் நின்றிருக்கிறார் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த வெட்கம் ஐந்து நாள் என்னிடம் குடியிருந்தது, அதன் கனம் எனக்குத் தெரியும். அதனால் ஊருக்கு அது நானாகவே இருக்கட்டும். நீங்களும் வாய் திறக்கவேண்டாம். உறையைச் சீமாச் சோளக் களியைப் பசையாகப் போட்டு இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன்.

பொட்டலத்தில் அங்கி இல்லை, எடுத்துக்கொண்டேன். அதில் இருப்பது காய்ந்த உசிபா. கல்யாணத்துக்கு வருகிறேன், பாடுகிறேன். ஆனால் ஸ்கம்போ அண்ணனை எங்கேயும் போகவிடாதீர்கள். நான் பாடும்போது அவர் என் பக்கத்தில் நிற்கவேண்டும், சும்மா வாயை அசைத்தால் போதும். அவர் நிற்கவில்லையென்றால் எனக்குக் குரல் வராது.