ரேடியோ ஆன்டி வாய் மூடிய மாதம்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் நிற்கும், தண்ணீர் நிற்கும். எதிர்வீட்டு ரேடியோ ஆன்டியின் வாய் மட்டும் நின்றதில்லை. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரிலிருந்து தப்பான எண்ணுக்கு அழைத்த ஒருவர், ஆன்டியின் பேச்சில் மாட்டிக்கொண்டு, அந்தத் தீபாவளிக்கே குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போனார்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகும் நேரத்தில் எங்கள் மகள் யாழினியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மூன்று வயதாகியும் அவள் பேசவில்லை. விரலை நீட்டுவாள், அவ்வளவுதான்.

"மைலோ வேணுமா? வேணும். சூடாவா? வேணாம், ஆறட்டும். இந்தா தங்கம்." கேள்வியும் ஆன்டி, பதிலும் ஆன்டி.

"மூணு பாஷை கலந்தா பிள்ளை குழம்பிரும்லா, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றார்கள் உறவினர்கள். பேசினோம். இங்கிலீஷில் சண்டை போட வராததால் எங்கள் வீடும் அமைதியாகிவிட்டது. மகள் கடைசிவரை பேசவே மாட்டாளோ என்று பயந்தேன்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். காது சரியாகக் கேட்கிறது என்று முதலில் உறுதி செய்துகொண்டார்.

"தமிழ நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு மொழி கேக்கறதால பேச்சு தாமதமாகாது. சில பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படும். கேள்வி கேட்டுட்டு, அவ பதில் சொல்ற வரைக்கும் காத்திருங்க."

இதை ஆன்டியிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"என்னாலதான் பிள்ள பேசலையா?"

"யார் மேலயும் தப்பு இல்ல ஆன்டி. கொஞ்சம் இடம் விடணும், அவ்வளவுதான்."

மறுநாள் முதல், கேள்வி கேட்டதும் வாய்க்குள் ஒரு முறுக்கைத் திணித்துக்கொண்டார். மாடியில் சத்தம் குறைந்ததும், உடம்புக்கு என்னவோ என்று பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவந்தார்கள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினாராம்.

ஒரு மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனேன். "வேணுமா?" என்று கேட்டுவிட்டு, வாயில் முறுக்கும் கையில் மைலோவுமாக, கண் பிதுங்க ஆன்டி காத்துக்கொண்டிருந்தார். யாழினி கோப்பையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டி அவர் உதட்டைத் தொட்டாள்.

"ஆன்டி, பேசு."

ஆன்டி கோப்பையைக் கீழே வைத்தார். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும்தான்.

இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வேலை முடிந்து வந்ததும் நான் உடனே ஆன்டி வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.