முதுகு ஊசியும் தன்விருப்பப் பிரிவும்

அந்த மகப்பேறு மருத்துவமனைக்கு ஒரே வாரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. கேட்டும் முதுகு ஊசி போடவில்லை என்று ஒரு தாய் எழுதியிருந்தாள். கேட்காமலே போட்டுவிட்டார்கள் என்று இன்னொரு தாய் எழுதியிருந்தாள். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகுத்தண்டின் ஓரமாக மெல்லிய குழாய் செருகி மருந்து விடுவார்களே, எபிட்யூரல் என்று, அந்த ஊசிதான். இரண்டு புகாரையும் ஒரே குழு விசாரித்தது. ஊசியா, இயற்கை முறையா என்பதைப் பிரசவிக்கும் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டி முடித்த பிறகுதான் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பெண்ணின் முடிவு அவளுடைய சொந்த முடிவுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அதைக் கண்டறிய மூன்றாவது மாடியில், ஓடாத லிஃப்டுக்கு எதிரே, தன்விருப்பச் சரிபார்ப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு ஓர் அலுவலரும் வந்து சேர்ந்தார். முன்பு எடைக்கற்களுக்கு முத்திரை வைக்கும் துறையில் இருந்தவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

ஏழாம் மாத வயிற்றோடு ஒரு பெண் அந்த மாடியை ஏறி வந்தாள். பஸ் கண்டக்டர். கூட வந்த கணவர் மார்க்கெட் முனையில் சாவி போட்டுக் கொடுப்பவர்.

"சொல்லுங்கம்மா. ஊசியா, இயற்கையா?" என்றார் அலுவலர்.

"ஊசி சார்."

"ஏன்?"

"வலிக்கும்ல?"

"இதுக்கு முன்னாடி பெத்திருக்கீங்களா?"

"இல்ல சார், இதுதான் முதல்."

"அப்போ வலிக்கும்னு எப்படித் தெரியும்? யாரு சொல்லிக்கொடுத்தா உங்களுக்கு?"

"எங்க அக்காதான். ஊசி போட்டுக்கிட்டு டிவியில கிரிக்கெட் பாத்துக்கிட்டே பெத்தாளாம். நாலு விக்கெட் விழறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுதாம்."

"அப்போ இது உங்க அக்கா விருப்பம்."

"அப்படிப் பாத்தா என் நாத்தனா வேணவே வேணாங்கறா சார்."

நாத்தனார், அதாவது சாவிக்காரரின் தங்கை, இன்னும் கல்யாணம் ஆகாதவள். ஆனாலும் இயற்கைப் பிரசவ வகுப்பில் மூன்று நிலைகள் தேறியிருந்தாள். இளம்பெண்களிடையே அப்போது அதுதான் பேச்சு. ஊசி போட்டுப் பெற்றவளை, பரீட்சையில் பிட் அடித்துத் தேறியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அலுவலர் பேனாவை மூடினார். "ரெண்டு பக்கமும் கேட்டிருக்கீங்க. உங்க விருப்பத்துல கலப்படம் இருக்கு. இனிமே பிரசவத்தைப் பத்தித் தெரிஞ்ச யாரோடயும் பேசக் கூடாது. மனசு சுத்தமானதும் வாங்க."

"டாக்டரோட பேசலாமா சார்?"

"கூடவே கூடாது. அவங்களுக்குத்தான் ரொம்பத் தெரியும்."

சாவிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் பேசலாங்களா?"

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

"அப்போ தாராளமா பேசலாம்."

கண்டக்டர் விதிக்குக் கட்டுப்பட்டவள். அக்கா போன் செய்தால் ராங் நம்பர் என்று வைத்தாள். மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டர் வாயைத் திறந்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். மனம் சுத்தமாகிவிட்டது என்று தோன்றியதும் மறுபடி மாடி ஏறினாள்.

"இப்போ சொல்லுங்க."

"ஊசி சார்."

"ஊசின்னா என்ன? எங்கே போடுவாங்க? போட்டா என்ன ஆகும்?"

"தெரியாது சார். நீங்கதானே தெரிஞ்சுக்கக் கூடாதுன்னீங்க?"

"தெரியாத பொருள் மேல ஒருத்தருக்கு எப்படிம்மா விருப்பம் வரும்?" என்று அலுவலர் உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டு, அவளை விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்பினார்.

வகுப்பை ஒப்பந்த அடிப்படையில் நடத்தியவர் நாத்தனாருக்குப் பாடம் சொன்ன அதே அம்மையார். எல்லாரும் மூச்சு மேடம் என்பார்கள். கர்ப்பிணிகள் பெரிய பெரிய ரப்பர் பந்துகளின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வலிங்கற வார்த்தையே கிடையாது. அது அலை. அலை வரும், நாம மிதப்போம்."

"வாந்தி வந்தா மேடம்?" என்றாள் பக்கத்துப் பந்துக்காரி.

"அது நுரை."

கண்டக்டர் கையைத் தூக்கினாள். "ஊசியைப் பத்தி எப்போ மேடம் சொல்லித் தருவீங்க?"

"இப்பவே சொல்லிடறேனே. ஊசின்னு ஒண்ணு இருக்கு. எல்லாரும் மூச்சை நல்லா இழுங்க."

அவளுக்கு விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டதாகச் சான்று கொடுத்தார்கள்.

ஒரு மத்தியானம், கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், சாவிக் கடை வாசலிலேயே வலி எடுத்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிரசவ அறையில் மயக்க மருந்து டாக்டர் கையுறை மாட்டி ஊசியோடு தயாராக நின்றார். நல்ல மனிதர். அந்தப் பிரிவு வந்ததிலிருந்து அவர் தயாராகத்தான் நின்றுகொண்டிருந்தார். அலுவலர் மூன்று மாடியும் இறங்கி மூச்சிரைக்க வந்தார்.

"சார், அலை வருது சார்!" என்று அலறினாள் கண்டக்டர்.

"அலைக்கு இங்க ஊசி கிடையாதும்மா. வலிக்குத்தான்."

"வலிதான் சார்! வலி! உயிர் போகுது, ஊசியைப் போடச் சொல்லுங்க!"

"வலியில சொல்றதை எப்படி உங்க சொந்த விருப்பமா எடுத்துக்கறது? வலிதானே சொல்ல வைக்குது?"

"வலி இல்லாதப்பவும் இதையேதானே சொன்னேன்!"

"அது அனுபவம் இல்லாம சொன்னது."

"அப்போ எப்பதான்யா நான் முடிவு பண்றது?"

'சார்' போய் 'யா' வந்திருந்தது. அலுவலர் கோபப்படவில்லை. நேர்மையானவர், கண்ணை மூடி யோசித்தார். "வலின்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும். ஆனா வலி இருக்கக் கூடாது. அப்படி ஒரு நேரம் கட்டாயம் வரும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்கம்மா."

"சார், நான் ரெடியா நிக்கறேன். ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் டாக்டர்.

"நீங்க ரெடியா நிக்கறதே அவங்களுக்கு ஒரு அழுத்தம் டாக்டர். சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

டாக்டர் திரும்பி நின்றார். அவருக்கும் பென்ஷன் பற்றிய கவலை இருந்தது.

"நீங்களாவது ஏதாவது பேசுங்களேன்!" என்று கண்டக்டர் கணவரின் கையை நெரித்தாள். அந்த அறையில் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

"பூட்டு இறுகிடுச்சுன்னா சாவியைப் போட்டுத் திருகக் கூடாது. கொஞ்சம் எண்ணெய்..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அலையும் மூச்சும் எப்போதோ மறந்துபோயிருந்தன. கடைசியில் அவள் வாயில் வந்தது தினமும் சொல்லிப் பழகியதுதான். "முன்னால போ! எடம் இருக்கு, முன்னால போ! படியில நிக்காதே! போலாம் ரைட்!"

பெண் குழந்தை. வலி துளியும் குறையாமல் முழு அளவில் கிடைத்திருந்தது.

மறுநாள் காலை அலுவலர் சிரித்த முகத்தோடு வந்தார். பின்னாலேயே டாக்டர், ஊசியோடு. "வாழ்த்துகள்மா. இப்போ உங்களுக்கு அனுபவமும் இருக்கு, பிரசவ வலியும் இல்ல. உங்க விருப்பம் செல்லும். ஊசி அனுமதிச்சாச்சு."

"இப்ப எதுக்கு சார்?"

"அனுமதிச்ச ஊசியைப் போடலைன்னா, கேட்டும் போடலைன்னு புகாராயிடும். திரும்பிப் படுங்க."

"ஐயோ, எனக்கு வேணாம்!"

"நல்லா யோசிச்சு, யார் தூண்டுதலும் இல்லாம சொல்றீங்களா?"

"என் குழந்தை மேல சத்தியமா சொல்றேன் சார். வேணவே வேணாம்."

அலுவலருக்குக் கண் கலங்கியது. பிரிவு தொடங்கியதிலிருந்து அங்கே பெற்ற தாய்மார் அத்தனை பேரும் இப்படித்தான், சொந்த விருப்பத்தில் ஊசியை மறுத்திருந்தார்கள். ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை.

அவளைக் குழந்தையோடு படம் எடுத்தார்கள். 'அலையை வென்ற தாய்' என்று பெரிதாகப் போட்டுப் பஸ்களின் முதுகில் ஒட்டினார்கள். வேலைக்குத் திரும்பியபோது அவள் ஏறிய பஸ்ஸிலும் அவளே ஒட்டப்பட்டிருந்தாள். பயணிகள் மரியாதையாகச் சரியான சில்லறை நீட்டினார்கள்.

"எனக்குப் போடவே இல்லைங்க, கதறினேன்" என்று முதலில் எல்லாரிடமும் உள்ளதைச் சொன்னாள்.

"என்ன தன்னடக்கம் பாரு" என்றார்கள்.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. ஒரு நாள் நெரிசலில், "நீட்டினாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அன்றிலிருந்து அப்படியே சொல்லிவந்தாள்.

குழந்தை நடக்க ஆரம்பித்தபோது நாத்தனார் வந்தாள். இதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி ஏழாம் மாதம். மூன்று நிலை தேறிய கம்பீரமெல்லாம் போய், முகம் வெளுத்திருந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த 'அலையை வென்ற தாய்' படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு ஊசி வேணும். அந்த ஆபீஸர் உங்க பேச்சைக் கேப்பாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

கண்டக்டர் கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஏன்?"

"வலிக்கும்ல?"

"இதுக்கு முன்னாடி பெத்திருக்கியா நீ?"

"இல்ல அண்ணி."

"அப்புறம் எப்படித் தெரியும்? யாருடி சொல்லிக்கொடுத்தா உனக்கு?"

நாத்தனார் கலங்கிய கண்ணோடு அண்ணனைப் பார்த்தாள். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். கை நெரிபட்ட தழும்புகூட இருந்தது. இப்போது அவருக்கு எல்லாம் தெரியும்.

அதனால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.