சொல்லிக் கொடுக்காமல் இருக்க முடியாதவர்

சொல்லிக் கொடுக்காமல் இருக்க முடியாதவர் என்று மனிதரில் ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள்.

மதுரையில் அவர் பெயர் பிச்சுமணி வாத்தியார். பாலக்காட்டிலிருந்து பெட்டியும் குடையுமாக வந்து இறங்கிய அன்றே, இந்த ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அது முதல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும், மணி அடித்த பிறகு கீரைக்காரிக்கும், சவரம் செய்ய வந்தவருக்கும், கோயில் வாசலில் செருப்புக் காப்பவருக்கும் பாடம் நடத்தி, எதிரே வருகிறவர்கள் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிற அளவுக்குப் புகழ் பெற்றார். ஜட்காக்கார மொக்கையன் ஒருவன்தான் நேரே சொன்னான்:

"சாமி, பூமி சுத்துறது சுத்தட்டும். வீடு வந்து எம்புட்டு நேரமாச்சு! எறங்குங்க, குதிரை தண்ணி குடிக்கணும்."

இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் என்ன ஆகும்? மனைவி வாலாம்பாளுக்கு அதுதான் கவலை. முன்பு வந்த வரனிடம் வைகை எங்கே பிறக்கிறது என்று கேட்டு, விழித்தவனை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தவன் அப்படியே போய்விட்டான். இப்போது வருகிறவன் ராஜாராமன், திருமங்கலம் தாலுகா கச்சேரி குமாஸ்தா. இந்த இடமும் தவறினால் மகள் ஸ்யாமளாவின் கதி?

"ஏன்னா, மாப்பிள்ளையை ஒரு கேள்வி கேக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

"கேக்கலை."

கேட்கவில்லைதான். சொஜ்ஜி, பஜ்ஜி முடிகிற வரை வாயே திறக்கவில்லை. ஸ்யாமளா பாடினாள். பிள்ளையின் அப்பா பசுபதி ஐயர், "பேஷ்! எங்களுக்குப் பரம திருப்தி" என்றார். கதவுக்குப் பின்னால் வாலாம்பாள் மீனாட்சியைக் கும்பிட்டாள்.

"எனக்குத் திருப்தியில்லை" என்றார் வாத்தியார். "சரணத்துல தாளத்தை விட்டுட்டா. இன்னும் ஒரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டும்."

பசுபதி ஐயர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளைக்காக அவர் வாயைக் கட்டிய வாலாம்பாள், பெண்ணுக்காகவும் கட்ட மறந்துபோனாள்.

அப்போது ராஜாராமன் கையைத் தூக்கினான்.

"சார், தாளம் சரி. சுருதிதான் இறங்கிடுத்து. அதை நான் சொல்லிக் கொடுத்துக்கறேன்."

அதோடு விட்டானா? தொடையில் தட்டி, ஸ்யாமளாவைப் பார்த்து, "எங்கே, மறுபடி?" என்றான்.

"ஆவணியிலேயே முகூர்த்தம்!" என்றார் வாத்தியார்.

கல்யாணம் நிச்சயமானதற்கு நெற்றியில் அடித்துக்கொண்ட தாய் மதுரையில் வாலாம்பாள் ஒருத்திதான்.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால், வாலாம்பாள் எப்படிச் சத்தியம் வாங்கியிருக்க வேண்டும் என்று இத்தனை நேரமும் மனசுக்குள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது யார்?